சுண்டுவிரல் குச்சி, முப்பத்தைந்து நிமிஷம்

அன்பு மகனுக்கு,

உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அதைத் தவிர நல்ல சேதி என்று இந்தக் கடிதத்தில் எதுவும் கிடையாது. அதனால் வேலைக்கு நடுவில் பிரிக்காதே. சாப்பிட்டுவிட்டு, ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. பம்பாயில் சொந்தமாகக் கடை போடப்போவதாகவும், இங்கே பரணில் விட்டுப்போன தகரப் பெட்டியை ரயிலில் அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். பெட்டி நேற்றே புறப்பட்டுவிட்டது. முடி சுருட்டுகிற குச்சிகள் ஐந்து அளவும் ஒன்று குறையாமல் இருக்கின்றன. முடி நுனியில் மடித்து வைக்கிற காகிதம் பாதிதான் இருக்கும். மருந்துத் தண்ணீர் புட்டி இரண்டில் ஒன்று காலி. நீ சுருட்டிப் பழகிய அந்தப் பின்னல் முடி இருக்காது. உன் நோட்டுப் புத்தகம் இருக்கும், ஆனால் ஒரு பக்கத்தில் ஈரம் பட்டு மை கலைந்திருக்கும். யார் பெட்டியைத் திறந்தது என்று நீ உன் அம்மாவைக் கேட்டு எழுதுவாய். அவளைக் கேட்காதே. நான்தான் திறந்தேன்.

உனக்குச் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. உன் மாமன் மகள் கல்யாணத்தில், நம் ஆட்கள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, உன் பெரியப்பா உன்னைப் பார்த்து, "மவுண்ட் ரோடுல இன்னா வேலைடா?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "துரைசானிங்களுக்கு முடி சுருட்டிக்கினு கீறான். அடுத்த வருசம் அவனே பாவாடை கட்டிக்கினு வருவான், பாருங்க" என்றேன். பந்தியே சிரித்தது. நீ பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். பிள்ளைக்கு ரோஷம் வந்தால் நல்லதுதான், ஆம்பிளையாக நம் குலத்துச் சவரக் கத்தியைப் பிடிப்பான் என்று நான் உட்கார்ந்து பாயசம் குடித்தேன். உன் முதலாளி, அந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரத் துரைசானி, கடையை மூடிவிட்டுக் கப்பல் ஏறியதும், பம்பாயில் இருக்கும் அவள் சிநேகிதியிடம் வேலைக்குப் போவதாகச் சொன்னாய். "போகட்டுமா நைனா" என்று நீ கேட்கவில்லை. "போறேன்" என்றாய். அங்கே எல்லாம் புதிதாகத் தருவார்கள் என்று பெட்டியைக்கூட விட்டுவிட்டுப் போனாய். நீ அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அடுத்தது அந்தப் பின்னல். திருப்பதி வேண்டுதலுக்கு இறக்கிய முடி என்று உன்னிடம் சொன்னேன். பொய். நான் மாட வீதி வீடுகளுக்குப் போவது உனக்குத் தெரியும். வாசல் பக்கம் ஆண்களுக்கு முகம் வழிப்பேன். கொல்லைப் பக்கம் தாலி அறுத்தவர்களின் தலையைச் சிரைப்பேன். உன் அம்மா பிரசவம் பார்த்த அதே வீடுகளுக்கு, அதே கொல்லைக் கதவு வழியாக, நான் கத்தியோடு போயிருக்கிறேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியான வருஷம் ஒரு குடும்பம் கும்பகோணம் பக்கம் போயிற்று. போன இடத்தில் காய்ச்சல் வந்து அந்த வீட்டு இளையபிள்ளை செத்துப்போனான். திரும்பி வந்தவுடன் எனக்கு ஆள் விட்டார்கள். அப்போதே அந்த வீதியில் பல வீடுகளில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். இந்த வீட்டில் விடவில்லை. விடியற்காலையில் கிணற்றடியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பதினெட்டு வயது இருக்கும். பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது, என் கைக்குள் அடங்கவில்லை. அவள் அழவில்லை. முதல் வெட்டுக்குக் கத்திரி நின்றுவிட்டது, அவ்வளவு அடர்த்தி. இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினேன். எடுத்த முடி நமக்கு என்பது வழக்கம். நாடகக் கம்பெனிக்குச் சவுரி கட்டுகிறவன் வாங்கிக்கொள்வான். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் கொடுத்தேன். இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியாது.

நீ வேலை பழகும்போது உன் துரைசானி, உயிருள்ள தலையில் கை வைக்கும் முன் வெட்டின முடியில் பழகு என்று சொல்லி அனுப்பினாள். நீ என்னைக் கேட்டாய். அந்தப் பின்னலைத் தூக்கிக் கொடுத்தேன். நீ அதைப் பிரித்துச் சிறு சிறு கொத்தாகக் கட்டி, கதவு நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, நாள் பூராவும் சுருட்டினாய். நான் பீடி குடிக்கிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ உன் அம்மாவிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னாய்: "குச்சி பருமனா இருந்தா அலை அலையா வரும், மெலிசா இருந்தா சுருட்டை வரும். பென்சில் பருமன் எடுத்தா மண்டையோட ஒட்டிக்கும். கட்டைவிரல் பருமன் எடுத்தா தோள் வரைக்கும் முடி ஓணும், இல்லாங்காட்டி ரெண்டு சுத்துகூட வராது. நடுவுல இந்தச் சுண்டுவிரல் குச்சிதான் எல்லாருக்கும் கை கொடுக்கும்." மருந்து முடியை இளக்கும், எத்தனை நிமிஷம் விடுவது என்பது முடியைப் பொறுத்தது, நடுவில் ஒரு குச்சியைப் பிரித்துப் பார்க்க வேண்டும், வளைவு விழுந்திருந்தால் உடனே அலசி இரண்டாம் மருந்தைப் போட்டு நிறுத்திவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அழுவின முட்டை நாத்தத்துக்கு இவ்ளோ படிப்பா?" என்றேன். ஆனால் நீ எழுதி முடித்து நோட்டை மூடியபோது, என் மகன் ஒரு வித்தைக்காரன் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. உனக்குக் கடை வந்து, வேலைக்கு ஆள் வந்து, அவன் நன்றாகச் செய்தால், அன்றைக்கே வாயால் சொல்லிவிடு.

இனி அந்தப் பெண்ணின் கதை. ஏழு வருஷம் மாதம் தவறாமல் அவள் தலையைச் சிரைத்தேன். ஒரு வார்த்தை பேசினதில்லை, பெயர்கூடத் தெரியாது. வீட்டில் அவளுடைய மச்சினர், அவர் பெண்டாட்டி பிள்ளைகள், மாமியார். மாமியாரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதே. அந்த அம்மாள் தலையையும் நான்தான் இருபது வருஷமாகச் சிரைக்கிறேன். தனக்கு நடந்ததுதான் உலகத்தில் எல்லாருக்கும் நடக்கும் என்று நம்புகிற மனுஷி. கண்ணில் புரை விழுந்து இப்போது ஒன்றும் தெரியாது. ஆனாலும் நான் வரும் நாளில் கொல்லைப்படியில் வந்து உட்கார்ந்து, கத்தி ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, "ஆச்சா? காதோரம் நன்னா எடுத்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

நீ பம்பாய் போன மறுமாதம் நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு குனிந்தபோது, அந்தப் பெண் முகத்தைத் திருப்பாமல், "இந்த மாசம் வேண்டாம்" என்றாள். "இன்னாம்மா சொல்றீங்க?" என்றேன். "சத்தம் மட்டும் வரட்டும். அம்மாவுக்குக் காதுதான் கேக்கும்" என்றாள். மற்றவர்கள் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "இந்த ஆத்துல என் தலையை யாரும் பாக்க மாட்டா. முக்காட்டைத்தான் பாப்பா" என்றாள். நான் யோசிக்கவில்லை. என் இடது கையைத் தண்ணீரில் நனைத்து, முழங்கை வரைக்கும் சரசரவென்று சிரைத்தேன். படியிலிருந்து மாமியார், "ஆச்சா?" என்றாள். "ஆச்சும்மா" என்றேன். இப்படிப் பதினோரு மாதம். மயிலாப்பூரிலேயே மாதாமாதம் கை வழித்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். உன் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, வயசான காலத்துல மைனர் ஆவறியா?" என்று கேட்டாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பதினோரு மாதம் இருந்த சந்தோஷம், என் ஆயுளில் நீ பிறந்தபோதுதான் இருந்தது.

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கோவிலில் காலட்சேபம் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் நேராக மந்தைவெளிக்கு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். இங்கிலீஷில் தட்டச்சு அடித்தது. அவளே படித்து அர்த்தம் சொன்னாள். டெலிபோன் ஆபீசில் சட்டைக்காரப் பெண்கள் பலர் சீமைக்குப் போய்விட்டதால் ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். வேலை கிடைத்தால் தங்குவதற்கு இடமும் உண்டு. அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பழைய டீச்சரம்மா வீட்டு விலாசத்துக்கு வந்த கடிதம். அதில்தான் அவள் பெயர் விசாலம் என்று தெரிந்துகொண்டேன். "திங்கக்கிழமை கார்த்தால கிளம்பினா திரும்ப அந்த ஆத்துக்கு வர மாட்டேன்" என்றாள். பிறகு முக்காட்டை எடுத்தாள். அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்திருந்தது. பின்னவும் வராது, முடியவும் வராது, குத்திட்டு நின்றது. பார்க்கிற யாருக்கும் ஒரு நொடியில் தெரிந்துவிடும், இது சிரைத்து வளர்கிற தலை என்று. முக்காட்டோடு போனால் என்ன என்று உன் அம்மா கேட்டாள். "அங்கே தலையில ஒரு கருவி மாட்டிண்டு, காதுல வச்சுண்டு பேசணும். தலையைத் திறந்து காட்டியே ஆகணும்" என்றாள் விசாலம். அவளே தொடர்ந்து, "அந்த ஆபீஸ் பொண்களுக்கெல்லாம் கழுத்து வரைக்கும்தான் முடி. ஆனா சுருட்டி விட்டிருப்பா. சுருட்டினா இது வளர்ற தலை இல்லே, வெட்டிண்ட தலைன்னு ஆயிடும். உன் பிள்ளை அந்த வேலைதான் பண்றான்னு ஆத்துல பேசிண்டா, இல்லையா?" என்றாள். அவன் ஊரில் இல்லை என்றேன். அவள் முகம் விழுந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "அவன் பொட்டி கீது" என்றேன்.

பெட்டியை இறக்கித் திறந்ததும் மேலேயே அந்த முடிக் கொத்துகள். விசாலம் ஒன்றை எடுத்துப் பார்த்து, "இது யாரோடது?" என்று கேட்டாள். மறைக்க எனக்குத் தெம்பில்லை; அவளுடையதுதான் என்று சொன்னேன். அவள் ஒவ்வொரு கொத்தாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். "இத்தனை இருந்துதா எனக்கு?" என்று மட்டும் கேட்டாள். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு பெருமை பொங்கியது. அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் மண்ணள்ளிப் போட்டது. உன் நோட்டைப் பிரித்தேன். நீ அந்தக் கொத்துகளைப் பற்றி எழுதியிருந்த பக்கம் வந்தது. உன் சிலேட்டில் உன்னோடு சேர்ந்து எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். உன் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். "சுண்டுவிரல் குச்சி, முப்பத்தைந்து நிமிஷம். அருமையான சுருள்" என்று இருந்தது. "பாருங்கம்மா, உங்க முடிக்கே எழுதி வெச்சிருக்கான் எம்புள்ள. வேற யார் தலைக்கும் இல்ல, உங்க தலைக்கு" என்று அவளிடம் காட்டினேன். உன்னைப் பற்றி நான் இன்னொருவரிடம் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சரி, பண்ணு" என்றாள்.

குச்சியில் நான் தப்புச் செய்யவில்லை. அதை நீ நம்ப வேண்டும். பருமனான குச்சியைத் தலையோடு வைத்துப் பார்த்தேன். அந்த நீளத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முடி முடிந்துபோயிற்று. பென்சில் குச்சி போட்டால் சுருட்டை இறுகி, பார்ப்பவன் கண்ணெல்லாம் தலைக்குத்தான் போகும்; அவளுக்கு வேண்டியது யாரும் இரண்டாம் முறை பார்க்காத தலை. சுண்டுவிரல் குச்சியே சரி. உன் அம்மா சீயக்காய் போட்டு அலசிவிட்டாள். நான் கட்டம் கட்டமாகப் பிரித்து, நுனியில் காகிதம் மடித்து, முப்பத்தொரு குச்சி சுற்றினேன். ஏழு வருஷம் அந்தத் தலையிலிருந்து எடுத்தே பழகிய கை, அன்றைக்குத்தான் அதற்கு ஒன்றைக் கொடுக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மருந்து ஊற்றினேன். திங்கட்கிழமை கட்டிக்கொள்ள டீச்சரம்மா வீட்டில் எடுத்துவைத்திருக்கும் புடவையின் நிறத்தைப் பற்றி விசாலம் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தரிப்பூ நிறம், கரை இல்லாதது. இத்தனை பேசுவாளா இந்தப் பெண் என்று இருந்தது.

பன்னிரண்டு நிமிஷம் ஆனதும், நீ சொன்னபடி ஒரு குச்சியைப் பிரித்துப் பார்த்தேன். வளைவு விழுந்திருந்தது. நீ இங்கிலீஷ் எழுத்து ஒன்றைக் காற்றில் எழுதிக் காட்டுவாயே, பாம்பு வளைவாக, அச்சாக அப்படியே. முடி விரலில் கொஞ்சம் வழவழவென்று இருந்தது. போதும், அலசிவிடு என்று என் கை சொன்னது. முப்பது வருஷம் தலை பார்த்த கை. ஆனால் நோட்டில் முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. நீ எனக்கு என்னென்னவோ சொன்னபோதெல்லாம் உன்னை நம்பாமல் கேலி பேசினவன் நான். இன்றைக்காவது என் புத்தியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மகன் எழுதினதை எழுதினபடி செய்வோம் என்று நினைத்தேன். பிரித்த குச்சியைத் திரும்பச் சுற்றிவிட்டேன். உன் மேல் இருந்த நம்பிக்கையால் இல்லை, என் குற்ற உணர்ச்சியால். அதற்கு விலை கொடுத்தது நானும் இல்லை, நீயும் இல்லை.

இருபத்தைந்தாம் நிமிஷம் "எரியறது" என்றாள். கொஞ்சம் பொறுங்கம்மா என்றேன். முப்பத்தைந்து ஆனதும் உன் அம்மா செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்ற, நான் முதல் குச்சியைப் பிடித்தேன். குச்சி முடியோடு கையில் வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் நனைந்த பஞ்சாகக் கரைந்து கழுத்தில் வழிந்தது. "இன்னாய்யா பண்ணிட்ட, பாவி, இன்னாய்யா பண்ணிட்ட" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விசாலம் கையை நீட்டிக் கண்ணாடி கேட்டாள். கொடுத்தோம். பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கங்கே திட்டுத் திட்டாகச் சுருள்கள் நின்றன, அழகான சுருள்கள். நடுவில் எல்லாம் மண்டை. "இதை வச்சுண்டு ஒண்ணும் பண்ண முடியாது, இல்லையா?" என்று கேட்டாள். நான் ஒரு திட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன். "அப்ப எடுத்துடு" என்றாள். சவுரி கட்டுகிறவனிடம் ஓடிப்போய் ஏதாவது டோப்பா வாங்கி வருகிறேன் என்றேன். "கூத்துக்கா போறேன்?" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். என் கத்தியை எடுத்து, என் வீட்டிலேயே, மத்தியான வெளிச்சத்தில், அந்தப் பதினோரு மாதத்தையும் சிரைத்து எடுத்தேன். மடியிலிருந்த கொத்துகளை அவள் எழுந்திருக்கும்போது தரையில் வைத்துவிட்டு, "இதையும் எங்கேயாவது போட்டுடு" என்றாள். மறுநாள் சாந்தோம் கடலில் போட்டேன்.

நான் எங்கே தவறினேன் என்று இத்தனை நாளாக யோசித்துவிட்டேன். உன் நோட்டில் தப்பில்லை. நீ எழுதியது பதினெட்டு வயதுப் பெண்ணின் முடிக்கு. பிறந்ததிலிருந்து நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நெய்யும் பாலும் கண்ட முடி. ஆணியில் தொங்கியது, அடியில் உடம்புச் சூடு கிடையாது. நான் மருந்து போட்டது வேறு முடி. ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரிக்குக் கையளவு பொரி, ஏகாதசிக்கு அதுவும் இல்லை. ஏழு வருஷம் அந்தப் பட்டினியில் முளைத்தது. எண்ணெய் கண்டதில்லை, நூலைவிட மெலிசு. ஆளும் தலையும் ஒன்றுதான். முடி மட்டும் வேறு. இரண்டையும் வெட்டினவன் நான், எனக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? முதல் நாள் கைக்குள் அடங்காமல் இருந்ததே, அதையே என் கை இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நீ கடையில் யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்தால், எந்த மாதிரிச் சுருள் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேள். போன வருஷம் வந்த அதே ஆள் என்றாலும் திரும்பக் கேள். நோட்டை மூடி வைத்துவிட்டு அவர்கள் தலையைத் தொட்டுப் பார்.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் ஏதாவது ரகளை நடந்திருந்தால், அவளை அடித்துத் துரத்தியிருந்தால்கூட, எங்கேயாவது போயிருப்பாள். ஒன்றுமே நடக்கவில்லை. அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, காலட்சேபம் முடிகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்களைப் பொறுத்தவரை அவள் தலை எப்போதும் இருந்தபடி இருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அந்த டெலிபோன் ஆபீஸ் எதிரே போய் நின்றேன், வெட்கம் கெட்டவன். ஒருவேளை வருவாளோ என்று ஒரு நப்பாசை. கழுத்தளவு சுருட்டை முடியோடு பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பன்னிரண்டு மணி வரை நின்றுவிட்டு நடந்தே மந்தைவெளி வந்து சேர்ந்தேன். அடுத்த மாதம் கிணற்றடியில், என் கையை நனைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். திரும்பவும் பதினோரு மாதம்தானே, திரும்பவும் ஆள் எடுக்காமலா போய்விடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "வேண்டாம்பா. மறுபடியும் முதல்லேர்ந்து என்னால முடியாது. எடுத்துடு" என்றாள். படியில் மாமியார் காத்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன்.

கடைசியாக நீ எழுதியிருந்ததற்கு வருகிறேன். கடை திறந்ததும் உன் அம்மாவையும் என்னையும் பம்பாய்க்கே வந்துவிடச் சொல்லியிருந்தாய்; இனிமேல் நான் யார் வீட்டுக் கொல்லையிலும் போய் நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அந்த வரியை என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். அவளை அனுப்புகிறேன், ரயிலேற்றிவிடுகிறேன். நான் வரவில்லை. நான் போகாவிட்டால் அந்தத் தலை தப்பிவிடும் என்றால் இன்றைக்கே வந்துவிடுவேன். உன் பெரியப்பா மகன் அந்த வீட்டு வேலை எப்போது தன் கைக்கு வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறான். அவன் கத்தி உனக்குத் தெரியும், காதோரம் கீறாமல் அவனுக்கு வராது. போன முறை நான் சாமான்களை எடுத்துவைக்கும்போது விசாலம் அவளாகவே பேசினாள். "உன் பிள்ளை இங்கே இருந்திருந்தா, என் தலைக்கு எத்தனை நிமிஷம் வச்சிருப்பான்?" என்று கேட்டாள். அவளுக்கு இனி அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முடி நூலைவிட மெலிசு, எண்ணெய் படாதது, அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே. வயது இருபத்தாறு இருக்கும். நான் அடுத்த முறை போவதற்குள் பதில் எழுது.

உன் நைனா